படம் பிடித்தவர் பூமியில் இருந்தார்!

சந்திர மண்டலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் சாம்பல் நிற மலைகள். மரம் இல்லை, செடி இல்லை, காற்றும் இல்லை. பகல் வேளைதான். ஆனாலும் ஆகாயம் கன்னங்கரேல் என்று இருக்கிறது.

நடுவே, நாலு கால் பூச்சி போல ஒரு விண்கலம் நிற்கிறது. திடீர் என்று அதன் மேல் பாதி மட்டும் துள்ளிக் கிளம்புகிறது. சட்டியில் பொரி தெறிப்பது போலப் பளபளப்பான துண்டுகள் நாலா பக்கமும் சிதறுகின்றன. கலம் மேலே மேலே போகிறது. அது போகப் போக, காமிராவும் தலையை நிமிர்த்தி அதையே பார்த்துக் கொண்டு இருக்கிறது. கடைசியில் கலம் ஒரு பொட்டாகச் சிறுத்துவிடுகிறது.

இந்தப் படத்தை நீங்கள் டெலிவிஷனிலோ செல்போனிலோ பார்த்து இருக்கலாம். பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது உண்டு.

"சந்திரனில் இறங்கியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்தக் கலத்துக்குள் ஏறிவிட்டார்கள். அப்படியானால் வெளியே நின்று படம் பிடித்தது யார்? அவர் எப்படி வீடு திரும்பினார்?"

நியாயமான கேள்விதான். சிறு பிள்ளைகளும் கேட்கிறார்கள். "சந்திரனுக்கு யாரும் போகவே இல்லை, எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த படம்" என்று வாதாடுகிறவர்களும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

படம் பிடித்தவர் ஒருவர் உண்டு. அவருடைய பெயர் எட் பெண்டெல். அமெரிக்கர். ஆனால் அவர் சந்திரனுக்குப் போகவே இல்லை! சந்திரனில் இருந்து ஏறத்தாழ 2 லட்சத்து 40 ஆயிரம் மைல் தூரத்தில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இருந்தார்.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. படம் பிடித்த நேரத்தில் பெண்டெல் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்துக் கொண்டு இருந்தது ஒரு கடிகாரத்தை!

அது எப்படி? அதுதான் கதை.

வெயிலில் கருகிய கண்

மனிதன் முதல் முதலாகச் சந்திரனில் கால் வைத்தது 1969-ம் ஆண்டு ஜூலை மாதம். அப்பல்லோ 11 பிரயாணம் அது. அப்போதே ஒரு டெலிவிஷன் காமிரா கூடப் போயிற்று. கறுப்பு-வெள்ளைக் காமிரா. படம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் உலகம் வாயைப் பிளந்து பார்த்தது.

அதே ஆண்டு நவம்பரில் அப்பல்லோ 12 போயிற்று. இந்தத் தடவை கலர்க் காமிரா. ஆனால் ஒரு சிறு பிசகு நேர்ந்துவிட்டது. காமிராவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது, அதன் கண் சூரியனைப் பார்த்துத் திரும்பிவிட்டது. உள்ளே இருந்த படக் குழாய் கெட்டுப் போயிற்று. அதோடு சரி. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் காத்து இருந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

1971-ம் ஆண்டு பிப்ரவரியில் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ 14-லும் ஒரு கஷ்டம் இருந்தது. காமிராவை ஒரு தாங்கியின் மேல் நிறுத்தி வைத்தார்கள். அது ஒரே பக்கத்தைத்தான் பார்க்கும். விண்வெளி வீரர்கள் மலைச் சரிவில் ஏறி மறைந்துவிட்டால், பூமியில் இருப்பவர்கள் வெறும் மண்ணையும் கல்லையும் பார்த்துக் கொண்டு இருக்கவேண்டியதுதான். காமிராவைத் திருப்ப ஆள் இல்லை.

வீரர்களோ அங்கே வேலை செய்யப் போனவர்கள். கல் பொறுக்கவேண்டும்; மண் தோண்டவேண்டும்; கருவிகளை நாட்டவேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. "இங்கே திருப்பு, அங்கே திருப்பு" என்று அவர்களிடம் காமிரா வேலையும் கொடுத்தால், மற்ற வேலை என்ன ஆவது?

இதற்கு ஒரே வழிதான் உண்டு. காமிரா சந்திரனில் இருக்கவேண்டும். அதைத் திருப்புகிற கை பூமியில் இருக்கவேண்டும்.

வண்டியில் ஏறிய காமிரா

1971-ம் ஆண்டு ஜூலையில் கிளம்பிய அப்பல்லோ 15, முதல் முதலாக ஒரு மோட்டார் வண்டியைச் சந்திரனுக்கு எடுத்துச் சென்றது. நாலு சக்கரம், இரண்டு ஆசனம், பாட்டரியில் ஓடும். மடக்கி வைத்துக் கொண்டுபோய், அங்கே பிரித்து நிறுத்தினார்கள். அந்த வண்டியின் முன்பக்கத்தில்தான் புதிய காமிரா ஏறி உட்கார்ந்தது. ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனி செய்து கொடுத்த காமிரா அது.

ஒரு காமிராவைத் தூரத்தில் இருந்து ஆட்டி வைப்பது என்றால், அது மட்டும் இருந்தால் போதாது. அதற்கு ஒரு பரிவாரமே வேண்டும்.

முதலாவது, கழுத்து. காமிராவை இடது வலமாகத் திருப்ப ஒரு மோட்டார். மேலும் கீழும் அசைக்க இன்னொரு மோட்டார். இவை இருக்கும் தொட்டிலில்தான் காமிரா உட்கார்ந்து இருக்கும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டவும், வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கண்ணைச் சுருக்கி விரிக்கவும்கூட மோட்டார்கள் உண்டு.

இரண்டாவது, காதும் வாயும். பூமியில் இருந்து வரும் கட்டளையைக் கேட்க வேண்டும். காமிரா எடுத்த படத்தைப் பூமிக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வேலைக்குமாக வண்டியின் முன்னால் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. அதோடு சேர்ந்து, கவிழ்த்து விரித்த குடை போல ஓர் ஏரியல். அந்தக் குடை நேராகப் பூமியைப் பார்த்து இருக்கவேண்டும். கொஞ்சம் விலகினாலும் படம் போய்விடும். ஆகையால், வண்டி ஓடும்போது படம் வராது. ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தியதும், விண்வெளி வீரர் இறங்கி, குடையைத் தம் கையாலேயே பூமியின் பக்கம் திருப்பி வைப்பார். அதற்குப் பிறகுதான் ஹூஸ்டனில் படம் தெரியும்.

மூன்றாவது, சாப்பாடு. அதாவது மின்சாரம். வண்டியில் இரண்டு பெரிய பாட்டரிகள் இருந்தன. சக்கரங்கள் உருளுவதற்கும் அவைதான் மின்சாரம் கொடுத்தன. ஒன்றுக்கு அதிகமாகச் செலவு செய்தால் இன்னொன்றுக்குக் குறையும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே சம்பளத்தில் எல்லாச் செலவும் நடப்பது போலத்தான்.

நாலாவது, குளிர்ச்சி. சந்திரனில் காற்று இல்லை. ஆகையால் சூடான பெட்டியைக் காற்று வந்து ஆற்றாது. பெட்டிகளின் மேல் கண்ணாடிகள் பதித்து இருந்தார்கள். உள்ளே உண்டாகும் உஷ்ணம் அந்தக் கண்ணாடிகள் வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். ஆனால் கண்ணாடி மேல் புழுதி படிந்தால் வந்தது ஆபத்து! புழுதி உஷ்ணத்தை அடைத்துவிடும், பெட்டி வெந்துவிடும். அதனால் வீரர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரஷை எடுத்துக் கண்ணாடிகளைத் துடைத்தார்கள். சந்திரனுக்குப் போனாலும் தூசி தட்டும் வேலை தப்பவில்லை!

நிறம் வந்த விதம்

இந்தக் காமிராவில் நிறம் வந்த விதமும் சுவாரசியமானது.

சாதாரணக் கலர்க் காமிராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களுக்கும் மூன்று படக் குழாய்கள் அக்காலத்தில் இருந்தன. அப்படிப்பட்ட காமிரா பெரியது; கனமானது. சந்திரனுக்குத் தூக்கிப் போக முடியாது. ஆகையால் ஒரே குழாய் வைத்து, அதற்கு முன்னால் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். சக்கரம் சுற்றச் சுற்ற, ஒரு நொடிப் பொழுதில் சிவப்புப் படம், அடுத்து நீலப் படம், அடுத்து பச்சைப் படம் என்று மாறி மாறி எடுக்கும். ஹூஸ்டனில் இருந்த இயந்திரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கலர்ப் படமாக்கும்.

விண்கலம் கிளம்பும் படத்தை உற்றுப் பார்த்தால், பறக்கும் துண்டுகளில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் தனித்தனியாகத் தெரியும். துண்டுகள் அவ்வளவு வேகமாகப் பறந்தன. சிவப்புப் படத்தில் ஓர் இடத்தில் இருந்த துண்டு, பச்சைப் படம் எடுப்பதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அதுதான் காரணம்.

கட்டளை போய்ச் சேரும் நேரம்

பெண்டெல் முன்பு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை பார்த்தவர். அப்பல்லோ பிரயாணங்களில் தகவல் தொடர்புக் கருவிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. காமிராவை ஆட்டி வைக்கும் வேலையும் அவரிடம் வந்தது. கூட இருந்தவர்கள் அவருக்கு 'காப்டன் வீடியோ' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

அவருக்கு முன்னால் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் காமிரா வலது பக்கம் திரும்பும். இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். மேலே, கீழே, பக்கத்தில், தூரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை.

ஆனால் பொத்தானை அழுத்தியதும் காமிரா திரும்பிவிடாது.

ரேடியோ அலை விநாடிக்கு 1 லட்சத்து 86 ஆயிரம் மைல் வேகத்தில் பாய்வது. அவ்வளவு வேகமாக ஓடியும், சந்திரனுக்குப் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. காமிரா திரும்பியதைப் படமாக இங்கே பார்க்க, மறுபடியும் ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. அலைகளை வாங்கி அனுப்பிய பெரிய ஏரியல்கள் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும், ஸ்பெயினிலும், ஆஸ்திரேலியாவிலும் இருந்தன. அங்கு இருந்து ஹூஸ்டனுக்கு வந்து, நிறங்களைச் சேர்த்து, திரையில் தெரிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்.

ஆகக்கூடி, பெண்டெல் தம் திரையில் எதைப் பார்த்தாலும் அது பழைய சங்கதி! அதைப் பார்த்து அவர் கட்டளை இட்டால், கட்டளை போய்ச் சேரும்போது அங்கே நிலைமை மாறி இருக்கும்.

வீரர்கள் மெல்ல நடக்கும்போது இதைச் சமாளித்துவிடலாம். "இவர் அந்தப் பாறைக்குத்தான் போவார்" என்று ஊகித்து, முன்கூட்டியே திருப்பி வைக்கலாம். பெண்டெல் அதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். விஞ்ஞானிகள், "அந்தக் கல்லைக் காட்டுங்கள், இந்தச் சரிவைக் காட்டுங்கள்" என்று கேட்கக் கேட்க, காட்டினார்.

ஆனால் விண்கலம் கிளம்புவது அப்படி அல்ல. அது கண் மூடித் திறப்பதற்குள் படத்தைவிட்டு வெளியே ஓடிவிடும். அது மேலே எழுந்ததைத் திரையில் பார்த்துவிட்டு, "அடடா!" என்று பொத்தானை அழுத்தினால், கட்டளை போய்ச் சேரும்போது அங்கே வெறும் ஆகாயம்தான் இருக்கும்.

முதல் தோல்வி

அப்பல்லோ 15-ல் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் 1971-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அங்கே இருந்து புறப்பட்டார்கள். ஒரு விண்கலம் சந்திரனைவிட்டுக் கிளம்புவதைப் பூமியில் இருப்பவர்கள் அன்றுதான் முதல் முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

ஆனால் காமிராவின் கழுத்து அதற்கு முன்பே தகராறு செய்யத் தொடங்கிவிட்டது. மேலும் கீழும் அசைக்கும் பகுதியில் பிடி தளர்ந்துவிட்டது. மோட்டார் சுற்றும், காமிரா நிமிராது. தலை நிற்காத குழந்தை போலத் தொங்கும். வீரர்கள் பக்கத்தில் இருந்தபோது கையால் நிமிர்த்திவிட்டார்கள். அவர்கள் கலத்துக்குள் போன பிறகு நிமிர்த்த யார் இருக்கிறார்கள்?

ஆகவே காமிராவை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். கலம் கிளம்பியது, படத்தைவிட்டு ஓடியது, முடிந்தது. அடியில் நின்ற பாதிக் கலத்தைக் காமிரா பார்த்துக் கொண்டே இருந்தது.

இரண்டாவது தோல்வி

1972-ம் ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 16 போயிற்று. ஜான் யங், சார்லஸ் டியூக் இருவரும் சந்திரனில் இறங்கினார்கள். காமிராவின் கழுத்தை இந்தத் தடவை சரி செய்து இருந்தார்கள். காமிரா நன்றாக நிமிர்ந்தது. பின்னே ஏன் தோல்வி?

வண்டியை நிறுத்திய இடம் சரியில்லை! கலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டது.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். தென்னை மரத்தில் ஒருவன் ஏறுகிறான். மரத்தடியில் நின்று அவனைப் பார்த்தால், சீக்கிரமே கழுத்தை அண்ணாந்து ஒடித்துக்கொள்ள வேண்டி வரும். அதே ஆளைத் தோப்பின் ஓரத்தில் நின்று பார்த்தால், தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் போதும். காமிராவுக்கும் அப்படியே. எவ்வளவு வேகமாக நிமிரவேண்டும் என்பது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தூரத்துக்குப் போட்ட கணக்கு இன்னொரு தூரத்துக்கு உதவாது.

காமிரா நிமிர்ந்தது. ஆனால் கலம் அதைவிட வேகமாக ஓடிவிட்டது. மறுபடியும் ஏமாற்றம்.

ஒரே ஒரு சந்தர்ப்பம்

இனி ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் பாக்கி. அப்பல்லோ 18, 19, 20 என்று போட்டு இருந்த திட்டங்களை எல்லாம் 1970-ம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டார்கள். பணம் போதவில்லை. அப்பல்லோ 17-தான் கடைசிப் பிரயாணம். அதிலும் தவறிவிட்டால், இந்தப் படம் என்றைக்கும் கிடையாது. காமிராவைத் திருப்பி அனுப்பு, மறுபடியும் எடுக்கலாம் என்று சொல்ல முடியாது.

பெண்டெலின் கீழ் வேலை செய்த ஹார்லி வேயர் என்பவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

கலம் கிளம்பியதும் முதல் விநாடியில் எவ்வளவு உயரம் போகும்? இரண்டாவது விநாடியில் எங்கே இருக்கும்? எப்போது சாய ஆரம்பிக்கும்? வண்டி இன்ன தூரத்தில் நின்றால், காமிரா எவ்வளவு நிமிரவேண்டும்? கட்டளை போய்ச் சேரும் நேரத்தைக் கழித்துவிட்டால், ஹூஸ்டனில் எந்த விநாடியில் பொத்தானை அழுத்தவேண்டும்?

எல்லாவற்றையும் விநாடி விநாடியாக எழுதிவிட்டார். நாடகக்காரர்கள் பாடம் எழுதுவது போல, காமிராவுக்கும் பாடம் எழுதியாகிவிட்டது. இனி படத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பார்த்தால்தான் ஆபத்து! திரையில் தெரிவது பழைய சங்கதி அல்லவா? அதைப் பார்த்துக் கை தடுமாறினால் கணக்கு கெட்டுவிடும். கடிகாரத்தை மட்டும் பார்த்து, எழுதியபடி அழுத்தவேண்டும். அதுதான் யுக்தி.

ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி சரியான இடத்தில் நிற்கவேண்டும். அது பெண்டெலின் கையிலும் இல்லை. வேயரின் கையிலும் இல்லை. சந்திரனில் வண்டி ஓட்டுகிறவர் கையில் இருந்தது.

வண்டி நின்ற இடம்

அவர் யூஜீன் செர்னான். அப்பல்லோ 17-ன் தலைவர். அவரோடு சந்திரனில் இறங்கியவர் ஹாரிசன் ஷ்மிட். இவர் மண்ணையும் பாறையையும் ஆராயும் விஞ்ஞானி. ரானல்ட் எவன்ஸ் என்ற மூன்றாமவர் தாய்க்கலத்தில் சந்திரனைச் சுற்றிக் கொண்டு இருந்தார்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி செர்னானும் ஷ்மிட்டும் டாரஸ்-லிட்ரோ என்ற பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். மூன்று நாள் தங்கினார்கள். வண்டியில் சுமார் 22 மைல் சுற்றினார்கள். வண்டியின் சக்கரத்துக்கு மேல் இருந்த மட்கார்டு ஒன்று, சுத்தியல் பட்டு உடைந்துவிட்டது. அது இல்லாவிட்டால் சக்கரம் வாரி அடிக்கும் புழுதி ஆட்கள் மேலும் கருவிகள் மேலும் கொட்டும். பூகோளப் படங்களை ஒட்டு நாடாவால் ஒட்டி, ஒரு புது மட்கார்டு செய்து மாட்டிக்கொண்டார்கள்! அங்கே ஓர் இடத்தில் ஆரஞ்சு நிற மண் கிடைத்தது. எல்லாம் காமிரா பார்த்தது, உலகமும் பார்த்தது.

கடைசி நாள் வேலை முடிந்தது. ஷ்மிட் கலத்தின் பக்கத்தில் இருந்தார். செர்னான் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய், கலத்துக்குக் கிழக்கே, நூறு மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில், சொன்ன இடத்தில் நிறுத்தினார். சூரியன் காமிராவின் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் படம் தெளிவாக வரும்.

செர்னானும் பெண்டெலும் நல்ல சிநேகிதர்கள். "சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் நான் அவரைச் சும்மா விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்" என்ற பொருள்படப் பெண்டெல் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னார்.

செர்னான் குடை ஏரியலைக் கடைசித் தடவையாகப் பூமியின் பக்கம் திருப்பி வைத்தார். இதிலே ஒரு சௌகரியம் உண்டு. சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆகையால் அங்கே நின்று பார்த்தால், பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஆகாயத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். குடையை ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் போதும். ஆள் இல்லாமலேயே அது பூமியைப் பார்த்துக் கொண்டு இருக்கும்.

வண்டியைவிட்டு வரும் முன், செர்னான் மண்டியிட்டு, தம் 9 வயது மகளுடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சந்திர மண்ணில் விரலால் எழுதினார். இதை அவரே பிற்காலத்தில் சொன்னார். காற்றும் மழையும் இல்லாத இடம். அந்த எழுத்துகள் நெடுங்காலம் அழியாமல் இருக்கும்.

பிறகு அவர் திரும்பி நடந்தார். வண்டியும் காமிராவும் தனியாக நின்றன.

மூன்று விநாடிக்கு முன்னால்

பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டிசம்பர் 14-ந் தேதி ஹூஸ்டனில் மாலை 4 மணி 54 நிமிஷம். நம் நாட்டில் அப்போது 15-ந் தேதி விடியற்காலை 4 மணி 24 நிமிஷம்.

கலத்துக்குள் செர்னானும் ஷ்மிட்டும் நின்று கொண்டு இருந்தார்கள். அவர்கள் உயிரே அப்போது ஓர் என்ஜினை நம்பி இருந்தது. மேல் பாதியில் இருந்த அந்த என்ஜின் ஒன்றே ஒன்றுதான். அது எரியாவிட்டால் வீடு திரும்ப வேறு வழி இல்லை.

விநாடிகளைத் தலைகீழாக எண்ணத் தொடங்கினார்கள்.

கிளம்புவதற்கு இன்னும் 3 விநாடி இருக்கும்போதே, பெண்டெல் முதல் பொத்தானை அழுத்திவிட்டார்! கலம் இன்னும் அசையவே இல்லை. ஆனால் கட்டளை புறப்பட்டுவிட்டது. அடுத்த விநாடி அடுத்த கட்டளை. அதற்கு அடுத்தது இன்னொன்று. கண் கடிகாரத்தில், கை பொத்தானில். அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரையைப் பார்த்தார்கள். பெண்டெல் மட்டும் பார்க்கவில்லை.

சந்திரனில் என்ஜின் எரிந்தது. சத்தம் இல்லை, ஒலியைச் சுமந்து வரக் காற்று இல்லை அல்லவா? தீ நாக்கும் தெரியவில்லை. அந்த எரிபொருளின் ஜுவாலை வெற்றிடத்தில் கண்ணுக்குத் தெரிவது அரிது. கீழ்ப் பாதி மேடையாக நின்றுவிட்டது. மேல் பாதி துள்ளி எழுந்தது. காமிராவும் கூடவே தலையை நிமிர்த்தியது. கலம் போகிறது, காமிரா தொடர்கிறது. கலம் போகிறது, காமிரா விடவில்லை!

பெண்டெல் எழுதிய பாடம் எல்லாவற்றையும் அழுத்தி முடித்தார். மறுபடியும் போட்டுக் காட்டியபோதுதான், தாம் எடுத்த படத்தை அவரே பார்த்தார்.

கணக்கு பலித்துவிட்டது.

செர்னானும் ஷ்மிட்டும் தாய்க்கலத்தைப் பிடித்தார்கள். மூன்று பேரும் டிசம்பர் 19-ந் தேதி பத்திரமாகப் பசிபிக் சமுத்திரத்தில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மனிதன் யாரும் சந்திரனில் கால் வைக்கவில்லை.

இன்றைய காமிராக்கள்

அன்று நம் சென்னையில் டெலிவிஷன் கிடையாது. சென்னை நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதிதான் தொடங்கியது. சந்திரனில் இருந்து கலம் கிளம்பியதைப் பற்றி நம்மவர்கள் ரேடியோவில் கேட்டார்கள், பத்திரிகையில் படித்தார்கள்.

இன்று நிலைமையே வேறு. செய்தி வாசிக்கும் பல ஸ்டூடியோக்களில் காமிராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. வேறு அறையில் இருக்கும் ஒருவர், ஒரே மேஜையில் இருந்து பல காமிராக்களைத் திருப்புகிறார். கிரிக்கெட் மைதானத்தில், ஆள் நிற்க முடியாத இடங்களில் எல்லாம் காமிரா நிற்கிறது. கல்யாண மண்டபத்துக்குக்கூட இந்த வித்தை வந்துவிட்டது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி நம் சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியது. அது இறக்கிவிட்ட 'பிரக்யான்' என்ற சிறு வண்டியைப் பூமியில் இருந்து கட்டளை அனுப்பியே ஓட்டினார்கள். அந்த வண்டி, தன்னைச் சுமந்து வந்த 'விக்ரம்' கலத்தைத் தானே படம் பிடித்து அனுப்பியது.

இவை எல்லாவற்றுக்கும் அதே நாலு சாமான்கள்தான் வேண்டும். திருப்ப மோட்டார், பேச ஒரு வழி, போதிய மின்சாரம், வெந்து போகாமல் குளிர்ச்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் காமிரா வெறும் பெட்டிதான். கட்டளை போய்ச் சேரும் நேரத்தை மறந்தாலும் தோல்விதான். அன்று சந்திரனில் கற்ற பாடம் இன்றைக்கும் மாறவில்லை.

இன்னும் அங்கேயே

செர்னான் 2017-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அவர் நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. சந்திரனைச் சுற்றி வரும் ஒரு விண்கலம் 2011-ம் ஆண்டில் அந்தப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தது. வண்டியும் தெரிகிறது, சக்கரத் தடமும் தெரிகிறது, வீரர்கள் நடந்த பாதையும் தெரிகிறது.

பாட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. காமிராவுக்குக் கட்டளை இடவும் யாரும் இல்லை. ஆனாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

இனிமேல் உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து, "இதை எடுத்தவர் எப்படித் திரும்பி வந்தார்?" என்று கேட்டால், நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம்:

"அவர் போகவே இல்லை, கண்ணே. அவர் கணக்குப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான்!"